எர்த் அறுந்தாலும் மெஷின் ஓடும்: மருத்துவமனையில் மின் பாதுகாப்புச் சோதனை செய்வது எப்படி?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ முப்பது, ஐம்பது படுக்கை கொண்ட மருத்துவமனை ஒன்றில் பயோமெடிக்கல் டெக்னீசியனாகவோ எலக்ட்ரீஷியனாகவோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான வழிகாட்டி இது. பேஸ் வயர் அறுந்தால் மெஷின் நின்றுவிடும், உடனே ஆள் கூப்பிடுவார்கள். நியூட்ரல் அறுந்தாலும் அப்படித்தான். எர்த் வயர் அறுந்தால் ஒன்றும் நடக்காது. மானிட்டரில் கோடு ஓடும், பம்ப் மருந்தைத் தள்ளும், வருஷக் கணக்கில் யாருக்கும் தெரியாமலே இருக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும். கீழே வருகிற எல்லாச் சோதனைகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எவ்வளவு கரண்ட் ஆபத்து?

கையால் தொடும்போது 1 மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கை விடாது. அதைவிடப் பல மடங்கு நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதெல்லாம் தோல் தடையாக நிற்கும் ஆளுக்குரிய கணக்கு. கழுத்து வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை சென்ட்ரல் லைன் என்னும் மருந்துக் குழாய் போட்டவருக்கும், தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி உள்ளவருக்கும் அந்தத் தடை கிடையாது. அவர்களுக்கு 1 மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரோ ஆம்பியர்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால்தான் இதயத்தைத் தொடும் பாகங்களில் நோயாளிக்குள் போகும் லீக்கேஜ் (மின் கசிவு) சாதாரண நிலையில் 10, ஒரு பழுது இருக்கும்போது 50 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்று மருத்துவ மின் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60601-1 வரம்பு வைத்திருக்கிறது. இந்தியாவில் அதற்கு இணையான தரம் ஐஎஸ் 13450.

லீக்கேஜ் என்றாலே பழுது என்று நினைக்க வேண்டாம். கரண்டில் ஓடும் எந்த மெஷினிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். பவர் சப்ளைக்குள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே இரைச்சலை வடிகட்ட ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அது 4.7 நானோ ஃபேரட் என்று வையுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாகச் சுமார் 340 மைக்ரோ ஆம்பியர் போகும். எர்த் வயர் சரியாக இருந்தால் அது முழுக்கத் தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்தால் மெஷின் உடம்பைத் தொடுகிறவர் வழியாகப் போகும். தொடுபவர் நர்ஸ் ஆனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரே மறு கையால் சென்ட்ரல் லைனின் இணைப்பைப் பிடித்திருந்தால், அதே 340 நோயாளியின் இதயத்துக்குப் போகலாம்.

முதலில் கட்டடம், பிறகுதான் மெஷின்

புதிதாக வருகிறவர்கள் அனலைசரை (மெஷினின் எர்த்தையும் கசிவையும் அளக்கும் கருவி) கையில் எடுத்ததும் மெஷின்களைத்தான் தேடிப் போகிறார்கள். அது தலைகீழ் வேலை. மெஷினுக்குள் எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லையென்றால் பயனில்லை. எர்த் குழி, பேனல், டிபி (வயரைப் பிரித்து அனுப்பும் பெட்டி), பிளக் பாயின்ட், கார்டு, மெஷின் என்ற வரிசையில் வாருங்கள்.

எர்த் குழியை அளப்பதில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று சில சங்கடங்கள் உண்டு. குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறை பக்கம் நாலடி தோண்டினால் பாறை. குளச்சல், முட்டம் பக்கம் மணலும் உப்புக் காற்றும். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. மழையில் ஊறிய மண்ணில் அளந்தால் எந்தக் குழியும் நல்ல ரீடிங் காட்டும். அதனால் மண் நன்றாகக் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் அளந்து எழுதுங்கள். அந்த எண்தான் உங்கள் குழியின் உண்மையான எண்.

மூன்று முனை எர்த் டெஸ்டர் எடுத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் பைப் போட்ட குழியானால், கரண்ட் ஆணியைக் குழியிலிருந்து 30 மீட்டர் தள்ளி அடியுங்கள். வோல்டேஜ் ஆணியை அதே நேர்கோட்டில் 62 சதவீதத் தொலைவில், அதாவது 18.6 மீட்டரில் அடியுங்கள். ரீடிங் எடுத்ததும் வோல்டேஜ் ஆணியை 3 மீட்டர் முன்னாலும் 3 மீட்டர் பின்னாலும் நகர்த்தி மறுபடி பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நம்பலாம். ஆளுக்கொரு எண் காட்டினால் ஆணிகள் போதுமான தூரத்தில் இல்லை, அல்லது நடுவே பழைய தண்ணீர்க் குழாய் ஏதோ புதைந்து கிடக்கிறது. அப்போது திசையை மாற்றி அடியுங்கள். பாறையில் ஆணி இறங்காவிட்டால் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் ஆணியைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றி அளக்கலாம்.

குழியைத் தனியாக அளக்க, அதைக் கட்டடத்தோடு இணைக்கும் ஸ்ட்ரிப்பை (உலோகப் பட்டை) கழற்ற வேண்டியிருக்கும். மற்றக் குழிகள் இணைப்பில் இருக்கின்றனவா என்று உறுதி செய்யாமல் கழற்றவே கூடாது. ஒரே குழிதான் என்றால் மெயினை அணைத்த பிறகுதான். கரண்ட் ஓடும் கட்டடத்தின் ஒரே எர்த்தைக் கழற்றுகிறவர் கையிலேயே முழு வோல்டேஜும் வந்து நிற்கக்கூடும்.

ஸ்கேன், சி-ஆர்ம் (தியேட்டரில் வைக்கும் எக்ஸ்ரே மெஷின்) போன்ற பெரிய மெஷின் விற்கும் கம்பெனிகள் பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழே கேட்பார்கள். அதற்காகக் குழிகளைக் கூட்டும்போது ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் இடையே பைப்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். நெருக்கி நாலு போடுவதைவிடத் தள்ளி இரண்டு போடுவது மேல்.

கடலோரத்தில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உப்பு நீர் ஊறிய மண்ணில் குழியின் ரீடிங் அருமையாக வரும். ஆனால் அதே உப்பு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்ட்ரிப்பின் போல்ட் மூட்டை அரித்திருக்கும். செம்புக் கம்பியை நேராக ஜிஐ ஸ்ட்ரிப்பில் முறுக்கி வைத்திருந்தால் அரிப்பு இன்னும் வேகம். குழி நன்றாக இருக்கும், வார்டுக்கு எர்த் வராது. ஆகவே குழியை அளந்ததோடு நிற்காமல், குழியின் முனையிலிருந்து பேனலின் எர்த் பட்டை வரை, அங்கிருந்து டிபி வரை என்று துண்டு துண்டாகத் தொடர்ச்சியை அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்கும் கீழேதான் வர வேண்டும். 2, 3 ஓம் காட்டும் மூட்டைப் பிரித்து, துரு நீக்கி, வாஷர் மாற்றி இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

பிளக் பாயின்ட்டில் பார்க்க வேண்டியவை

மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டரைச் செருகிப் பச்சை எரிந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். எர்த் வழியில் ஆயிரம் ஓம் தடை இருந்தாலும் அந்த விளக்கு எரியும். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் எர்த் இருக்கிறதா என்று சொல்லவே சொல்லாது. எர்த் வழியின் மொத்தத் தடையை ஓமில் காட்டும் லூப் இம்பீடன்ஸ் டெஸ்டர் வேண்டும். சாதாரண முறையில் சோதித்தால் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசிவு வந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) விழுந்துவிடும், அதனால் டிரிப் ஆகாத முறையை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அந்த வரிசையில் நோயாளியின் மெஷின் எதுவும் ஓடாத நேரம் பாருங்கள்.

மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுங்கள். பேஸ்-நியூட்ரல் 230 அருகே, பேஸ்-எர்த் அதே அளவு, நியூட்ரல்-எர்த் ஒன்றிரண்டு வோல்ட். கடைசி அளவுதான் கதை சொல்லும். 5, 10 வோல்ட் என்றால் நியூட்ரல் மூட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது எர்த்தே இல்லாமல் மீட்டர் காற்றில் மிதக்கிறது. துல்லியமாக 0.0 என்று காட்டினால் இன்னும் கவனமாக இருங்கள். அதே பாயின்ட்டில் ஒரு அயர்ன் பாக்ஸை ஓட்டிப் பாருங்கள். நியூட்ரல் வயரில் வோல்டேஜ் விழுவதால் அரை வோல்ட், ஒரு வோல்ட் ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் யாரோ பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எர்த் வயர் இழுக்காமல் விட்ட இடத்தில் 'எர்த் கொடுத்தாச்சு' என்று காட்ட இப்படிச் செய்வதுண்டு. அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷினின் உலோக உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறும். கண்டதும் அந்தப் பாயின்ட்டை மூடிவிட வேண்டும். 'அண்ணாச்சி, நாளைக்குப் பார்த்துக்கிடலாம்' என்று எவர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிளக் தானாகக் கழன்று தொங்கும் பாயின்ட்டை மாற்றிவிடுங்கள். தளர்ந்த பாயின்ட் சூடாகும். பச்சிளங்குழந்தை வார்டில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். குழந்தைக்குச் சூடு தரும் வார்மர் ஒன்றே பல நூறு வாட் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது மொத்தமே 1,380 வாட். ஒரே பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு இரண்டு வார்மரையும் போட்டோதெரபி (மஞ்சள் காமாலைக்கான விளக்கு) மெஷினையும் ஓட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும் அறையில் ஒரு பொறி போதும். 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைப் பிரிவில் பற்றிய தீயில் 10 குழந்தைகள் இறந்தார்கள். அதை நினைவில் வைத்து, மெஷின்கள் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்கிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டிப் பாருங்கள். பக்கத்துப் பிளக்கைவிட ஒன்று மட்டும் பத்து, பதினைந்து டிகிரி கூடுதலாக இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு ஆபத்து உண்டு. ஐந்து மெஷினின் லீக்கேஜும் அதன் ஒரே எர்த் வயரில் சேர்ந்துதான் போகும். அந்த வயர் அறுந்தால் தனித்தனியாகப் பாஸ் ஆன ஐந்து மெஷினும் சேர்ந்து ஃபெயில்.

ஆர்சிசிபியும் தியேட்டரின் தனி சப்ளையும்

கம்பத்திலிருந்து எல்டி (தாழ்வழுத்த) இணைப்பு வாங்கும் சின்ன மருத்துவமனைகளில், எர்த்தில் பாயும் கரண்ட் பெரும்பாலும் மண் வழியாகத்தான் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். உங்கள் குழி 2 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் குழி 2 ஓம் என்றால் 230-ஐ 4-ஆல் வகுக்க 57 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (கரண்ட் அதிகமானால் விழும் சுவிட்ச்) உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். எனவே எம்சிபியை நம்பி இருக்க முடியாது, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உள்ளே பொறி வேலை செய்வது மட்டும் தெரியும். டெஸ்டரை வைத்து 15 மில்லி ஆம்பியரில் விழாமலும், 30-ல் 300 மில்லி செகண்டுக்குள்ளும், 150-ல் 40 மில்லி செகண்டுக்குள்ளும் விழுகிறதா என்று பாருங்கள். அடிக்கடி விழுகிறது என்று பைபாஸ் செய்யப்பட்ட ஆர்சிசிபியைப் பார்த்தால், முதலில் மேலே சொன்ன நியூட்ரல்-எர்த் துண்டு வயரைத் தேடுங்கள். பாதி நேரம் அதுதான் காரணமாக இருக்கும்.

ஆபரேஷன் நடக்கும்போது சப்ளை விழக் கூடாது. அதனால் தியேட்டரிலும் ஐசியுவிலும் உயிர் காக்கும் மெஷின்களுக்கு, எர்த்தோடு சேராத தனி ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கச் சொல்கிறது மருத்துவக் கட்டட வயரிங்குக்கான தரம் ஐஇசி 60364-7-710. அளவு 0.5 முதல் 10 கேவிஏ. அதில் ஒரு வயர் எர்த்தைத் தொட்டாலும் சப்ளை நிற்காது, அலாரம் மட்டும் அடிக்கும். இன்சுலேஷன் 50 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால் அலாரம் வர வேண்டும். ஆள் இருக்கும் இடத்தில் அது கேட்கிறதா என்று பட்டனை அழுத்திப் பாருங்கள். சத்தம் தொல்லை என்று அணைத்து வைத்தால், முதல் பழுது தெரியாமலே கிடக்கும். இரண்டாவது பழுது வரும்போது சப்ளை போகும்.

யுபிஎஸ்ஸுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான யுபிஎஸ்ஸில் அவுட்புட் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்கும், ஆகவே அது தனி சப்ளை ஆகாது. இரண்டு அவுட்புட் வயரையும் தனித்தனியாக எர்த்துக்கு அளந்து பாருங்கள். ஒன்று 230, மற்றது 0 என்றால் அது சாதாரண சப்ளைதான். தியேட்டருக்குள் மேசை, காஸ் பென்டன்ட் (கூரையிலிருந்து தொங்கும் வாயு இணைப்பு), பாயின்ட்டுகளின் எர்த் எல்லாம் அவற்றை ஒன்றாக இணைக்கும் சமநிலைப் பட்டையோடு 0.2 ஓமுக்குள் இணைந்திருக்கின்றனவா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

இனி மெஷின்

பயன்பாட்டில் இருக்கும் மெஷின்களுக்கான தரம் ஐஇசி 62353. ஆண்டுக்கு ஒரு முறை, வென்டிலேட்டர், டிஃபிப் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின்), டயதெர்மி (கரண்டால் திசுவை வெட்டும் மெஷின்) போன்றவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, திறந்து பழுது பார்த்தால் ஒவ்வொரு முறையும் என்று வைத்துக்கொள்வது நடைமுறை. கம்பெனி மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான் கணக்கு. அனலைசர் எந்தக் கம்பெனியுடையதானாலும் அதன் கேலிப்ரேஷன் (துல்லியம் சரிபார்த்த) தேதியை முதலில் பாருங்கள்.

வார்டில் போய் நேராகப் பிளக்கைப் பிடுங்காதீர்கள். 'சிஸ்டர், நாலாம் கட்டில் மானிட்டரை அரை மணி நேரம் எடுத்துக்கிடட்டுமா? மாத்து மானிட்டர் கொண்டு வந்திருக்கேன்' என்று கேட்டு, நோயாளியிடமிருந்து அவர்களே கழற்றித் தரட்டும். ஏசி அறையிலிருந்து மழைக்கால வராந்தாவுக்குக் கொண்டுவந்த மெஷினில் உள்ளே ஈரம் பூக்கும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பிறகு சோதியுங்கள். இல்லாவிட்டால் நல்ல மெஷினும் தோற்கும்.

1. கண்ணால் பாருங்கள். பழுதுகளில் பெரும்பகுதி இங்கேயே பிடிபடும். எர்த் பின் ஒடிந்திருக்கிறதா, இரண்டு பின் அடாப்டர் போட்டிருக்கிறார்களா, பழைய கம்ப்யூட்டர் கார்டைச் செருகியிருக்கிறார்களா, பம்பின் கீழே சலைன் வழிந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, ஃபியூஸ் சரியான ஆம்பியரா? பிளக்கைத் திறக்க முடிந்தால் எர்த் வயர் மற்ற இரண்டைவிட நீளமாக விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்டை யாரேனும் இழுத்தால் எர்த் கடைசியாகத்தான் அறுபட வேண்டும்.

2. எர்த் தொடர்ச்சி. அனலைசரின் கிளிப் வயரை முதலில் ஜீரோ செய்யுங்கள், மறந்தால் வயரின் தடையும் சேர்ந்துகொள்ளும். பிளக்கின் எர்த் பின்னிலிருந்து மெஷினின் உலோக உடம்பு வரை கார்டோடு சேர்த்து 0.3 ஓமுக்குள், கழற்றும் கார்டு தனியாக 0.1 ஓமுக்குள் வர வேண்டும். பெயிண்ட் மேல் கிளிப் போட்டால் ரீடிங் வராது, வெறும் உலோகமுள்ள போல்ட்டில் போடுங்கள். ரீடிங் ஓடும்போதே கார்டின் இரண்டு கழுத்தையும் மடக்கி ஆட்டுங்கள். 0.12, 0.12 என்று நின்ற எண் திடீரென 0.45-க்குத் தாவி மறுபடி 0.12-க்கு வந்தால், உள்ளே இழைகள் அறுந்து இரண்டு மூன்றுதான் மிச்சம். அந்தக் கார்டு முடிந்தது. முழுக்கப் பிளாஸ்டிக் உடம்புள்ள இரட்டை இன்சுலேஷன் மெஷினுக்கு இந்தச் சோதனை கிடையாது.

3. இன்சுலேஷன். மெஷின் சுவிட்சை ஆனில் வைத்து, 500 வோல்ட் டிசியில், சப்ளை பாகத்துக்கும் எர்த்துக்கும் இடையே. எர்த் உள்ள கிளாஸ் 1 மெஷினுக்கு 2 மெகா ஓம், இரட்டை இன்சுலேஷன் கொண்ட கிளாஸ் 2 மெஷினுக்கு 7 மெகா ஓம் குறைந்தபட்சம். செய்யக் கூடாது என்று மேனுவல் சொன்னால் விட்டுவிடுங்கள்.

4. மெஷின் லீக்கேஜ். மெஷினை ஓடவிட்டு நேரடி முறையில், அதாவது லீக்கேஜை அனலைசர் வழியாகவே போகவிட்டு அளந்து பாருங்கள். கிளாஸ் 1-க்கு 500 மைக்ரோ ஆம்பியர், கிளாஸ் 2-க்கு 100 வரம்பு. பேஸையும் நியூட்ரலையும் மாற்றி இரண்டு முறை எடுத்துக் கூடியதை எழுதுங்கள். இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மெஷின் இரும்பு டிராலியில் தரையைத் தொட்டு நின்றாலோ, பிரிண்டர் கேபிளோ நெட்வொர்க் கேபிளோ பின்னால் செருகியிருந்தாலோ லீக்கேஜ் அந்த வழியாகப் போய்விடும். அனலைசரில் 8, 10 என்று அழகான எண் வரும். மர மேசையில் வைத்து எல்லாக் கேபிளையும் கழற்றிய பிறகு அளந்து பாருங்கள். 0 என்று காட்டினால் மகிழ வேண்டாம், மெஷின் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. நோயாளிப் பாக லீக்கேஜ். லீட் (நோயாளி உடம்பில் படும் வயர்) செருகும் இடத்தின் அருகே உள்ள குறியைப் பாருங்கள். கட்டத்துக்குள் இதயம் இருந்தால் சிஎஃப் (இதயத்தைத் தொடலாம்), வரம்பு 50 மைக்ரோ ஆம்பியர். கட்டத்துக்குள் மனித உருவம் இருந்தால் பிஎஃப் (உடம்பை மட்டும் தொடலாம்), வரம்பு 5,000. இந்தச் சோதனையில் அனலைசர் லீட்களுக்கே முழு சப்ளை வோல்டேஜைக் கொடுக்கும். லீட் நுனிகளை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும்.

கடைசியாக மெஷின் தன் வேலையைச் செய்கிறதா, அலாரம் அடிக்கிறதா, பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

ஜெனரேட்டரில் ஒரு முறை

மேலே பிளக் பாயின்ட்டில் எடுத்த மூன்று அளவையும் ஜெனரேட்டர் ஓடும்போது மறுபடி எடுங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரலுக்குத் தனி எர்த் இல்லையென்றால், ஈபி சப்ளையில் 1 வோல்ட் காட்டிய நியூட்ரல்-எர்த் அப்போது பல பத்து வோல்ட்டுக்குத் தாவும். தியேட்டர் விளக்கு அரை வினாடிக்குள்ளும் உயிர் காக்கும் மற்ற மெஷின்கள் 15 வினாடிக்குள்ளும் மாற்று சப்ளைக்கு வர வேண்டும். மாதம் ஒரு முறை லோடு கொடுத்து ஓட்டிப் பாருங்கள். இடி மின்னல் காலம் தொடங்குமுன் மெயின் பேனலிலுள்ள சர்ஜ் புரொடெக்டரின் சன்னல் பச்சையாக இருக்கிறதா, சிவப்பாகிவிட்டதா என்று ஒரு பார்வை போதும்.

பதிவேடு

'பாஸ்' என்று மட்டும் எழுதிய பதிவேட்டால் பயனில்லை. எண்ணை எழுத வேண்டும். இப்படி: சிரிஞ்ச் பம்ப், ஐசியு கட்டில் 4, கார்டோடு எர்த் 0.14 ஓம், இன்சுலேஷன் 100 மெகா ஓமுக்கு மேல், மெஷின் லீக்கேஜ் 96, நோயாளிப் பாகம் 12. அடுத்த ஆண்டு அதே பம்பில் லீக்கேஜ் 310 வந்தால் 500-க்குள்தான் இருக்கிறது, பாஸ்தான். ஆனால் மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. திறந்து பாருங்கள், போர்டில் சலைன் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎச் ஆய்வுக்கும் இந்தப் பதிவேடுதான் கைகொடுக்கும். கட்டட வயரிங்கில் கை வைக்கும் வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுத்து, அவர் முடித்த பிறகு நீங்களே மறுபடி அளந்து எழுதுங்கள்.

பாஸ் ஆன மெஷினில் தேதியும் அடுத்த தேதியும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தோற்றதில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வார்டிலிருந்து வெளியே எடுத்துப் பூட்டிய அறையில் வையுங்கள். தோற்ற கார்டைக் குப்பைக்கூடையில் அப்படியே போடாதீர்கள், பிளக் தலையை வெட்டிப் போடுங்கள். வெட்டாமல் விட்டால் இரவு ஷிஃப்டில் கார்டு தேடி வரும் யாரோ அதை எடுத்து இன்னொரு மெஷினில் செருகிவிடுவார்கள்.